மூன்றாம் பத்து

எழுபதைத் தாண்டிய என் கூட்டாளிகளே, நீங்களும் நானும் இன்று கோயிலில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து உட்கார்ந்துதான் ஜெபமாலை சொல்கிறோம். ஒலிபெருக்கி சொல்கிறது, நாம் உதட்டை அசைக்கிறோம். பக்கத்தில் இருப்பது யார் என்று திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. குறை சொல்லவில்லை, எனக்கும்தான் முட்டி மடங்குவதில்லை. ஆனால் ஒரே ஒரு ஜெபமாலையைச் சொல்லி முடிக்க ஐந்து வீட்டு ஆட்கள் வந்து சேர வேண்டியிருந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கிழவி பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

மலாயாவில், கோலா சாவாவிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பத் தொடங்கியிருந்த நேரம். எனக்கு எட்டு வயது. ஆறு லயங்களில், அதாவது கூலிகளின் வரிசை வீடுகளில், ஏறக்குறைய எல்லாரும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். வேதக்காரர்கள் என்று ஐந்தே வீடு. சிரம்பானிலிருந்து வெள்ளைக்காரச் சாமியார் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தகரப்பெட்டியோடு வருவார். ரப்பர் ஸ்டோரில் ஒரு மேசையைக் கழுவிப் போட்டு, பெட்டியிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து விரித்தால் அதுதான் பீடம். சாம்பிராணிப் புகையும் புளித்த ரப்பர் பால் வாடையும் கலந்து வரும். இன்றைக்கும் அந்த வாடை இல்லாத பூசை எனக்கு அரைப் பூசைதான்.

மற்ற நாளெல்லாம் எங்களுக்கு இருந்தது சனிக்கிழமை சாயங்கால ஜெபமாலை ஒன்றுதான். அது எங்கள் வீட்டில் நடக்கும், அப்பா தலைமையில்.

அந்த மாலைக்கு ஒரு கதை உண்டு. ஐந்து குடும்பமும் வந்தது ஒரே கப்பலில். கப்பலில் ஒரு பெரியவர், கறுப்பு மரமணியில் பித்தளைச் சிலுவை தொங்கும் பெரிய ஜெபமாலை ஒன்றை வைத்துக்கொண்டு, வாந்தியும் மயக்கமுமாய்க் கிடந்தவர்களை எழுப்பி உட்கார வைத்து தினமும் மந்திரம் சொல்ல வைத்தாராம். கரை சேர்ந்து நோய்க் காவல் முகாமில் அடைத்து வைத்திருந்தபோது அவர் இறந்துபோனார். மாலை யாருக்கு என்று சொல்லாமலே போய்விட்டார். தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும் ஐந்து வீட்டாரும் அதற்கு அடித்துக்கொண்டார்கள். அடித்துக்கொள்ள மாட்டார்களா? ஐந்து ஊர், ஐந்து சாதி. ஊரில் இருந்திருந்தால் ஒரே கோயிலுக்குள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்பா ஒரு நாள் கம்பி வெட்டும் குறட்டை எடுத்து, எல்லார் கண்ணெதிரிலும் அந்த மாலையை ஐந்து துண்டாக வெட்டினார். வீட்டுக்குப் பத்து மணி. மரத்தில் ரப்பர் பால் கோப்பையைக் கட்டுகிற கம்பியை வளைத்து ஒவ்வொரு துண்டின் நுனியிலும் கொக்கி போட்டார். சனிக்கிழமை ஐந்து துண்டும் வந்து கொக்கியில் கொக்கி மாட்டினால்தான் மாலை. முடிந்ததும் கழற்றி அவரவர் பத்தை அவரவர் எடுத்துப் போக வேண்டும். சாமியார் அடுத்த தடவை வந்தபோது துண்டுகளைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டு, ஐந்தையும் தனித்தனியாக மந்திரித்துக் கொடுத்தார். நான் பிறப்பதற்கு முன்பு நடந்தது இது. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்படி ஒருவருக்கு இந்த யோசனை எப்படி வந்தது என்று நினைத்தால் எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது.

அதனால் எங்களுக்குள் வீட்டுக்குப் பெயரே அந்தப் பத்துதான். எங்களுடையது ஒண்ணாம் பத்து வீடு, சிலுவையும் எங்களிடம். மூணாம் பத்து வீடு என்பது ஒரே ஓர் ஆள். கடைசி லயத்தின் கடைசி அறையில் தனியாக இருந்த அத்தை. அப்பாவை அண்ணே என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை, மற்றபடி சொந்தமில்லை. கப்பலேறி வந்த மறு வருஷமே புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. முகமெல்லாம் பழைய அம்மைத் தழும்பு. பால் வெட்டப் போய்விட்டு வந்தால் பேச்சுக்கு ஆள் கிடையாது. சனிக்கிழமை மட்டும் குளித்து, தலையை வாரி, பத்து மணியை முந்தானையில் முடிந்துகொண்டு முதல் ஆளாய் வந்து நிற்பாள். நாலாம் பத்து வீட்டு மாமா, "ஒத்த ஆளுக்கு ஒரு பத்தா?" என்று சில சமயம் முணுமுணுப்பார். அவர் வீட்டில் எட்டுப் பேர்.

நாள் தவறாமல் வந்த அந்த மனுஷியை வரவிடாமல் செய்தவள் நான்.

என் வாய் அன்றைக்கும் நீளம்தான். கணக்கெழுதும் கிராணி வீட்டுக் கோழி எத்தனை முட்டை போட்டது என்பதிலிருந்து எல்லாச் சேதியும் என் வழியாகத்தான் லயத்துக்குப் போகும். ஒரு வெள்ளிக்கிழமை விறகு பொறுக்கப் போன இடத்தில், மாரியம்மன் கோயிலிலிருந்து அத்தை இறங்கி வருவதைப் பார்த்தேன். ஒரு கையில் செம்பு, மற்றக் கையில் வேப்பிலைக் கொத்து. சேலை ஓரத்தில் மஞ்சள் தண்ணீர் தெறித்திருந்தது. விறகை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். வீட்டில் அப்பா மட்டும் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். நாலாம் பத்து மாமாவும் உட்கார்ந்திருந்தார். இருவரும் கேட்க, மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை.

மறுநாள் அத்தை வாசலுக்கு வந்தபோது அப்பா எழுந்து போய் மறித்து நின்றார்.

"தங்கச்சி, நேத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனியா?"

"போனேண்ணே."

"எதுக்கு?"

அத்தை சேலை ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கேக்குறன்ல? தீர்த்தமும் வேப்பிலையும் வாங்கிட்டு வந்திருக்க. என்ன நேர்த்தி?"

"எனக்குன்னு ஒண்ணும் நேந்துக்கலண்ணே. அதுக்கு மேல கேக்காதீங்க. சொல்ல முடியாது."

"சொல்ல முடியாததைச் சாமியார்கிட்ட சொல்லு. அவர் வரட்டும். பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்து உக்காரு. அதுவரைக்கும் இங்க வேணாம்."

உள்ளேயிருந்து நாலாம் பத்து மாமா, "மணிய வாங்கி வச்சுக்குங்க" என்றார்.

அத்தை முந்தானை முடிச்சைக் கையால் பொத்திக்கொண்டாள். "ஆள் வேணாம்னா போயிடறேன். பத்தைக் கேக்காதீங்க, அண்ணே. அது என் பங்கு." அப்படியே திரும்பி, ஸ்டோர் பக்கமாக நடந்து போனாள். அப்பா மணியை வாங்கவில்லை. அந்த அளவுக்கு அவருக்கு மனசு இருந்தது.

என் அப்பாவைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். கிறிஸ்துமஸுக்குச் சோறாக்க எங்களுக்கு அண்டா கொடுத்ததே மாரியம்மன் கோயில்தான். பூசாரியும் அப்பாவும் ஒரே மரவரிசையில் பால் வெட்டியவர்கள். அப்பாவுக்குப் பயம், அவ்வளவுதான். ஐந்தே வீடு, சாமியாரோ எப்போதோ ஒரு தடவை வருகிறவர். ஒரு கை நழுவினால் மொத்தமும் நழுவிவிடும் என்று நினைத்தார். கூட்டத்தைக் காப்பாற்றுவதற்காகக் கூட்டத்தில் ஒருத்தியை வெளியே நிறுத்தினார். மாலையை வெட்டத் தெரிந்தவருக்கு இது தெரியாமல் போயிற்றே என்று இப்போது அடித்துக்கொள்கிறேன். அன்றைக்கு எனக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு ரெண்டாம் பத்தின் கொக்கியை நாலாம் பத்தின் கொக்கியில் மாட்டினார்கள். கழன்று கழன்று வந்தது. அப்பா அம்மியின் குழவியை எடுத்து வந்து, இரண்டு கொக்கியையும் நசுக்கி இறுக்கிவிட்டார். மூன்றாம் பத்தை விரலை மடக்கி எண்ணிச் சொன்னோம். இடையில் எண்ணிக்கை தவறிவிட்டது. ஒன்பது என்றார் ஒருவர், பதினொன்று என்றார் இன்னொருவர். ரெண்டாம் பத்து வீட்டுப் பாட்டையா, "ஒண்ணு கூடப் போனா மாதா கோவிச்சுக்க மாட்டா" என்று சமாதானம் சொன்னார். சனிக்கிழமையில் சொல்வது மகிமைத் தேவ இரகசியம். அதில் மூன்றாவது, ஒரே வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது இஸ்பிரீத்து சாந்து, இப்போது நாம் பரிசுத்த ஆவி என்கிறோமே, அவர் இறங்கி வந்தது. அதைச் சொல்லும்போது அம்மா மட்டும் பதில் மந்திரம் சொல்லாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமியார் வரவேண்டிய நாளில் வரவில்லை. மலேரியா என்று சேதி வந்தது. ஒரு சனிக்கிழமை ஆறு சனிக்கிழமை ஆயிற்று. அத்தையை விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பார்ப்போம், பால் நிறுக்கிற இடத்தில் பார்ப்போம். வேதக்காரர் யாரும் அவளோடு பேச மாட்டார்கள். அவளும் தலை நிமிர்ந்து பார்க்க மாட்டாள். என்னைக் கண்டால் மட்டும் லேசாகச் சிரிப்பாள். யார் கோள் சொன்னது என்று அவளுக்குத் தெரியாதென்றுதான் நினைத்தேன். அந்தச் சிரிப்பு எனக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது.

ஆறாவது சனிக்கிழமை, ஜெபமாலை தொடங்கியதும் வயிற்றுவலி என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கால் தானாகக் கடைசி லயத்துக்குப் போயிற்று. பொழுது இறங்கியிருந்தது, ஆனால் முகம் தெரிகிற வெளிச்சம். லயத்தின் பின்பக்கம், ரப்பர் மரம் தொடங்கும் இடத்தில், அத்தை தரையில் முழங்காலில் இருந்தாள். கையில் அந்தப் பத்து மணி. வாய் அசையவில்லை. விரலை மட்டும் ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தாள்.

என் காலடி கேட்டு, திரும்பாமலே கையை நீட்டித் தடுத்தாள்.

"கிட்ட வராத. அங்கயே நில்லு."

"என்ன பண்றீங்க, அத்தை?"

"அங்க இப்ப ரெண்டாம் பத்து ஓடும். இன்னும் மூணு இருக்கு. அப்புறம் நம்ம முறை."

எங்கள் வீட்டுச் சத்தம் அவ்வளவு தூரம் கேட்காது. முதல் இரண்டு பத்தையும் மனசுக்குள் சொல்லி, விரலில் எண்ணி, எங்களுக்கு ஆகிற நேரத்தை அவள் அங்கே உட்கார்ந்து கழித்துக்கொண்டிருக்கிறாள். விரல் மூன்று மடங்கியது. மணியைப் பிடித்தாள். குரலெடுத்து, "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று தொடங்கி, பாதி மந்திரத்தைச் சொல்லி நிறுத்தினாள்.

நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தாள்.

மறுபாதி எங்களுடையது. மாலையில் எப்போதும் அப்படித்தான்: முறைக்காரர், அதாவது அந்தப் பத்து வீட்டு ஆள், முன்பாதி; மற்ற எல்லாரும் பின்பாதி. பதில் வருகிற அளவுக்குப் பொறுத்திருந்துவிட்டு அடுத்த மணிக்குப் போனாள். மறுபடியும் பாதி சொன்னாள், மறுபடியும் பொறுத்தாள். எங்களை அவள் விட்டுவிட்டுச் சொல்லவில்லை. எங்களுக்கான இடத்தை ஆறு வாரமாக அப்படியே காலியாக வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். ரப்பர் மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. பூசையில் சாமியார் நற்கருணையைத் தூக்கிக் காட்டும்போதுகூட எனக்கு அப்படி உடம்பு நடுங்கியதில்லை. சொன்னால் பாவம், ஆனால் உண்மை அதுதான்.

நாலாவது மணியில் நான் வாயைத் திறந்தேன். "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே..." அத்தையின் தோள் ஒரு தடவை குலுங்கியது. பத்தாவது மணிவரை அவளும் நானும் சொன்னோம்.

முடித்த பிறகுதான் பக்கத்து அறைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தேன். கதவில் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளே பாயில், பக்கத்து வீட்டு அக்காவின் பையன், முகமெல்லாம் பொருக்கு உதிர்ந்துவரும் அம்மைத் தழும்போடு படுத்திருந்தான். அந்த அக்கா வாசல்படியில் கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள்.

"ஆஸ்பத்திரி டிரெசர் காதுக்குப் போனா புள்ளைய அம்மை கேம்புக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க, கண்ணு" என்றாள் அத்தை. "போன தடவை போன ரெண்டு புள்ளையும் திரும்பி வரல. இவளால புள்ளைய விட்டுட்டுக் கோயிலுக்குப் போக முடியல. எனக்குச் சின்னதிலயே வந்து போயிருச்சு, திரும்ப வராது. அதான் இவளுக்குப் பதிலா நான் போய் வாங்கிட்டு வந்தேன்."

"அதை அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்க வீட்ல பத்துப் பேர் காதுல விழும். அதுல யாராவது ஒருத்தர் சொல்லிருவாங்க." என்னைப் பார்த்து அதே சிரிப்பைச் சிரித்தாள். "நீ சொல்ல மாட்ட. எனக்குத் தெரியும்."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

கூட்டாளிகளே, அந்த ஒரு வாரம் என் வாழ்க்கையிலேயே நீளமான வாரம். ஒரு வார்த்தை சொன்னால் அத்தை மானம் திரும்பும்; அதே வார்த்தை பையனைக் கேம்புக்கு அனுப்பிவிடும். நாக்கைக் கடித்துக் கடித்துப் புண்ணாகிவிட்டது. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, இவள் பேசாமல் இருக்கிறாளே, காய்ச்சலா என்று கேட்டாள்.

பின்னால் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், மனசில் பாரம் வேண்டாம். பையன் பிழைத்துக்கொண்டான். டிரெசருக்குத் தெரியவே இல்லை. நாலாம் பத்து வீட்டாரை மறு வருஷம் கப்பலேற்றிவிட்டார்கள். அவர்கள் பத்து அவர்களோடு கடல் தாண்டிப் போயிற்று. ஐந்தாம் பத்து, ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் போன பிள்ளையின் கழுத்தோடு போயிற்று. ரெண்டாம் பத்து எங்கே என்று தெரியவில்லை. அத்தையின் பத்தை அத்தையின் கையிலேயே வைத்துப் புதைத்தோம். ஒண்ணாம் பத்தும் சிலுவையும் என்னிடம் இருக்கின்றன. அத்தை ஏன் கோயிலுக்குப் போனாள் என்பதை அப்பா சாகும்வரை யாரிடமும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

ஏழாவது சனிக்கிழமை. ரெண்டாம் பத்து முடிந்தது. மூன்றாம் பத்துக்கு அப்பா விரலை மடக்கத் தொடங்கினார். என் வாய் திறந்துகொண்டது.

"அப்பா, அது அத்தை முறை."

"வாயை மூடு."

"அத்தை இப்ப சொல்லிக்கிட்டு இருக்காங்க. வாரா வாரம் சொல்றாங்க. பாதியில நிறுத்தி, நம்ம பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. பதில் சொல்ல யாரும் இல்ல."

அப்பாவின் மடங்கிய விரல் மடங்கியபடியே நின்றது.

"என்ன சொல்ற நீ?"

"வந்து கேளுங்களேன் லா."

சீனன் கடையில் கற்றுக்கொண்ட அந்த லாவுக்கு வேறு நாளாக இருந்தால் முதுகில் விழுந்திருக்கும். அம்மா எழுந்து விளக்கை எடுத்தாள். யாரையும் கேட்கவில்லை, நடக்கத் தொடங்கிவிட்டாள். அப்பா மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனார். அவர் பின்னால் மற்றவர்கள். நாலாம் பத்து மாமாகூட வந்தார், முனகிக்கொண்டே. ஆறு லயத்தையும் தாண்டி இருபது பேர் பேசாமல் நடந்து போனதைப் பார்த்து, சோறாக்கிக்கொண்டிருந்தவர்கள் வெளியே வந்து நின்றார்கள்.

அத்தை அதே இடத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டி முழங்காலில் இருந்தாள். பக்கத்து அறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் ஒரு மணியைப் பிடித்து, முன்பாதி மந்திரத்தைச் சொல்லி நிறுத்தினாள். பொறுத்தாள். அடுத்த மணியைப் பிடித்தாள், சொன்னாள், நிறுத்தினாள்.

அப்பா அந்த மௌனத்தைக் கேட்டார். அவர் முகத்தை நான் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அது யாருக்கான மௌனம் என்று அவருக்குப் புரிந்த நொடியை நான் பார்த்தேன். என்ன நேர்த்தி, என்ன காரணம் என்பதெல்லாம் அந்த முகத்திலிருந்து போய்விட்டது. முழங்காலில் விழுந்து, ஆறு வாரமாக வராத பதிலை உரக்கச் சொன்னார். இரண்டாவது வார்த்தையில் அம்மா சேர்ந்துகொண்டாள், பிறகு நாங்கள் எல்லாரும்.

அத்தை திரும்பவில்லை. குரல் மட்டும் ஒரு தடவை உடைந்தது. அடுத்த மணிக்குப் போனாள்.

பத்தாவது மணி முடிந்ததும் அப்பா முழங்காலாலேயே நகர்ந்து அவள் பக்கத்துக்குப் போனார். "குடு, தங்கச்சி" என்றார். அத்தை தன் பத்தை நீட்டினாள். ஆனால் மாலையில் அதற்கு இடம் இல்லை. குழவியால் நசுக்கிய கொக்கி பிரிய மாட்டேன் என்றது. நகத்தால் நெம்பினார், பல்லால் இழுத்தார். கம்பி படக்கென்று ஒடிந்து உதட்டைக் கிழித்துவிட்டது. கொக்கியே போய்விட்டது, இனி மாட்ட எதுவும் இல்லை.

அப்பா ரெண்டாம் பத்தின் நுனியையும் அத்தையுடைய பத்தின் நுனியையும் சேர்த்து ஒரு கையின் இரண்டு விரலுக்குள் பிடித்தார். அத்தையுடைய பத்தின் மறுநுனியையும் நாலாம் பத்தின் நுனியையும் மற்றக் கையில் பிடித்தார். உதட்டில் ரத்தம் வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

"நாலாம் பத்து யாரு? சொல்லுங்க" என்றார்.

நாலாம் பத்து மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். நாலாம் பத்து முடிந்து, ஐந்தாம் பத்தும் முடிந்து, கடைசிச் சிலுவை அடையாளத்துக்கு எல்லாரும் கையை நெற்றிக்குக் கொண்டுபோனோம். அப்பா மட்டும் கையை எடுக்கவில்லை, பிடித்துக்கொண்டே இருந்தார்.